அக்காவின் விலா எலும்புகள்

என் அக்கா புருஷனை நல்லவர் என்று சொல்லாத ஆள் காக்ஸ் டவுனிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுன் வரைக்கும் ஒருவர்கூடக் கிடையாது. குரலை உயர்த்த மாட்டார். குடிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடல் குழுவின் முதல் வரிசையில் நிற்பார். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகம். இப்படி ஒரு மருமகன் கிடைத்ததற்காக அம்மா மாதாவுக்கு எரித்த மெழுகுவத்திகளை அடுக்கினால் ஒரு கடையே வைக்கலாம். எனக்கு மட்டும் அவரைப் பிடிக்காது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் எதிரில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்கும் அக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காமா கேமரா டெக்னீஷியனாக இருந்தேன். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் ‘ஸ்கேன்’ என்று சொல்லி முடித்துக்கொள்வேன். உண்மையில் எங்கள் மெஷின் யார்மீதும் எதையும் பாய்ச்சாது. கதிர் மருந்தை நோயாளிக்குத்தான் ஊசியில் ஏற்றுவோம். அது ரத்தத்தோடு போய், எலும்பு எங்கெல்லாம் தன்னைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் கூடுதலாகப் படியும். மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கவைத்தால், உடம்புக்குள்ளிருந்து கதிர் வெளியே வரும். கேமரா அதை வாங்கிக்கொள்ளும். மருந்து நிறையப் படிந்த இடம் ஃபிலிமில் கறுப்புப் புள்ளியாக விழும். புற்றுநோய் எலும்புக்குப் பரவினாலும் புள்ளிதான், எலும்பு முறிந்து ஒட்டினாலும் புள்ளிதான்.

அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. சதையை எடுத்துப் பார்த்து, கேன்சர்தான் என்று சொல்லிவிட்டார்கள். அறுவை சிகிச்சை டாக்டர் ஒளிக்காமல் பேசுகிறவர். “போன் ஸ்கேன் கிளியரா இருந்தா ஆபரேஷன் பண்ணிடலாம், பொழைச்சுக்குவாங்க. எலும்புக்குப் போயிருந்தா நான் கத்தி வைக்க மாட்டேன். மருந்து குடுத்து எவ்ளோ தூரம் போகுதோ போகட்டும்” என்றார். கீழே விழுந்தீர்களா, அடி ஏதாவது பட்டதா என்றும் கேட்டார். அக்கா இல்லை என்று தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற மாமாவும் இல்லை என்று தலையாட்டினார்.

ஸ்கேன் எங்கள் டிபார்ட்மென்டில்தான். ஊசி போட்ட பிறகு நோயாளிகள் காத்திருக்க எங்களிடம் தனி அறை உண்டு. கதவில் மஞ்சள் எச்சரிக்கைப் படம் இருக்கும், கூட வந்தவர்களை உள்ளே விட மாட்டோம். மாமா கூடவே உட்கார்ந்திருப்பேன் என்று அடம்பிடித்தார். “ரூல்ஸ், மாமா” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். உள்ளே அக்கா பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, யாரோ விட்டுப்போன வார இதழைப் புரட்டிக்கொண்டு, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

அவளைப் படுக்கவைத்து முழு உடம்பையும் எடுத்தேன். மண்டை ஓடு நன்றாக இருந்தது. கழுத்து நன்றாக இருந்தது. படம் மார்புக்கு இறங்கியதும் திரையில் புள்ளி புள்ளியாக விழத் தொடங்கியது. இடது பக்கம், வலது பக்கம், கீழே இன்னும் சில. அப்புறம் முதுகின் அடியில் ஒன்று. இப்படிப்பட்ட படங்களை ஆயிரம் பேருக்கு எடுத்தவள் நான். எடுத்து முடித்து, “ஆச்சுங்க, எழுந்துக்கலாம்” என்று சிரித்தபடி சொல்லிப் பழகியவள். அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் டாக்டரம்மா மைசூர்ப் பக்கத்துக்காரர். தமிழை மனம்போல வளைத்துப் பேசுவார். திரையைப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, “சும்னே அழாதே. நெஞ்சுக்கும் இடுப்புக்கும் சுத்தி எடு. ஆமேலே, அப்புறமா பார்க்கலாம்” என்றார்.

சுற்றி எடுப்பது என்றால் கேமராவின் தலை நோயாளியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கோணத்திலும் நின்று படம் வாங்கும். ஒரே பக்கத்திலிருந்து பார்த்தால் முன் விலாவும் பின் விலாவும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழம்பிக் கிடக்கும். சுற்றிலும் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டர், கதிர் வந்த திசையிலேயே கோடுகளாகத் திருப்பி அனுப்பும். அந்தக் கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கேதான் மருந்து இருக்கிறது. அன்றைய கம்ப்யூட்டருக்கு அதற்கு நேரம் பிடிக்கும். நான் திரை முன்னால் கையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படம் உருவாகி வந்ததும் டாக்டரம்மா அதை மெல்லத் திருப்பினார். அக்காவின் விலாக்கூடு திரையில் சுழன்றது. ஒரு கோணத்தில் அப்படியே நிறுத்தினார். இடது முதுகுப்புறம் அடுத்தடுத்த விலாக்களில் இருந்த புள்ளிகள் அடிக்கோல் வைத்துக் குறித்த மாதிரி ஒரே நேர்கோட்டில் நின்றன. வலப்பக்கம் இன்னொரு கோடு. சில புள்ளிகள் கரிக்கட்டை நிறம், சில மங்கிப்போனவை.

கேன்சர் வரிசை கட்டி வராது. கண்ட இடத்தில் இறங்கும், எலும்பின் நீளத்துக்குப் பரவும். வரிசையாக உடைப்பது வெளியிலிருந்து வருவது. இது எங்கள் வேலையில் முதல் வருடப் பாடம். டாக்டரம்மா கன்னடத்தில், “பெட்டு பித்திதெ” என்று முணுமுணுத்தார். அடி விழுந்திருக்கிறது. மங்கலும் கறுப்புமாக இருந்ததால் அது ஒரு நாள் விழுந்த அடியும் இல்லை.

காத்திருப்பு அறைக்குள் போய் அக்காவின் முன்னால் உட்கார்ந்தேன்.

“மாமா உன்னை அடிக்கிறாரா?”

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன், பாப்பா.”

“வருஷம் பூரா வழுக்குமா அந்த பாத்ரூம்? டாக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல? இதைப் பரவுன கேன்சர்னு நினைச்சாங்கன்னா ஆபரேஷன் பண்ண மாட்டாங்கடி. செத்துப் போவ.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. வார இதழின் அட்டையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “கேன்சர்னா கோயில்ல எனக்காக எல்லாரும் ஜெபம் பண்ணுவாங்க. இதைச் சொன்னேன்னு வையி, நீ என்னடி பண்ணேன்னு என்னைத்தான் கேப்பாங்க.”

எனக்கு வாய் நீளம், கை அதற்கும் முன்னால் நீளும். எழுந்து வெளியே வந்தேன். மாமா நடைபாதை பெஞ்சில் ஃபிளாஸ்க்கும் ஜெபமாலையுமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, மெல்லிய குரலில், “பரவிடுச்சாம்மா?” என்றார். அந்த முகத்தில் பயம் இல்லை. பரவியிருந்தால் தேவலை என்று காத்திருந்த முகம் அது. “ஆண்டவர் சித்தம்னா நாம என்ன பண்ண முடியும், சொல்லு” என்றார்.

ஓங்கி அறைந்தேன். கண்ணாடி தெறித்து விழுந்தது.

அவர் கத்தவில்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. என் கொண்டையைப் பிடித்துக் குனியவைத்து, முழங்கையை மடக்கி என் இடது முதுகில் இறக்கினார். மறுபடி அதே இடம். மறுபடியும் அதே இடம். தேங்காய் உடைக்கிறவர் பதற்றப்படாமல் உடைப்பது போல. மூச்சு நின்றது, உள்ளே ஏதோ நொறுங்கியது எனக்கே கேட்டது. பெஞ்சிலிருந்தவர்கள் அலறினார்கள். கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா வெளியே வந்தார். அவரைப் பார்த்ததும் மாமா என் தலைமுடியை விட்டுவிட்டு, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, “ஸாரி டாக்டர், பொண்ணு ஏதோ டென்ஷன்ல இருக்கா” என்றார். கீழே கிடந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

“வொய்ஃபைக் கூட்டிட்டுப் போகலாமா?” என்று அடுத்துக் கேட்டார்.

டாக்டரம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றார். “அவங்க மைமேலே, உடம்பு மேலே எல்லாம் ரேடியேஷன். ஹத்திர, கிட்ட போனா உங்க ரத்தம் கெட்டுப்போகும். தங்கச்சி வீட்டுல இருக்கட்டும்.”

மாமா பின்னால் நகர்ந்தார். “எத்தனை நாள் டாக்டர்?”

“நானு சொல்றவரைக்கும்.”

மருந்தளவில் ஒரு புள்ளி தள்ளி எழுதினால் என்னை வறுத்தெடுக்கிற மனுஷி. மறுநாள் காலைக்குள் அந்த மருந்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சாது என்பது அவருக்கும் எனக்கும் தெரியும். பொண்டாட்டியின் விலாவை உடைக்கத் தெரிந்த ஆம்பிளைக்கு அது தெரியவில்லை. ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா எங்கள் காக்ஸ் டவுன் வீட்டுக்கு வந்தாள். வெளியே ஏதோ சண்டை நடந்தது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அடி வாங்கியதை நான் சொல்லவில்லை. மாமாவோ அதற்குள் ஊர் பூராவும் சொல்லி வைத்துவிட்டார், கொழுந்தியாள் கைநீட்டினாள் என்று. அது உண்மைதான், அதனால் எல்லோரும் நம்பினார்கள். அம்மா என்னோடு பேசவில்லை. அக்காவிடம் மட்டும், “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்றாள். அணைக்கிறதுக்கு எதுக்கும்மா முதல்ல அடிக்கணும் என்று கேட்க வாயெடுத்தேன். இருமல் வந்தது, உயிர் போகிற வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அறுவை சிகிச்சை டாக்டர் மசியவில்லை. டாக்டரம்மா படங்களை எடுத்துக்கொண்டு போய் வாதாடினார். “கோடு தெரியுது, ஒத்துக்கறேன். உங்க டெக்னீஷியனை அந்த ஆள் அடிச்சதையும் நீங்க பார்த்தீங்க. ஆனா தன்னை அடிச்சார்னு பேஷன்ட் சொல்லணுமே. அவங்க இல்லைங்கறாங்க. அடியே படாத உடம்புல இத்தனை புள்ளின்னா நான் எப்படிக் கத்தியை எடுக்கறது?” என்றாராம். அவரைத் திட்டினேன். ஆனால் அவர் கேட்டது நியாயம்தான். அக்கா வாயைத் திறக்க வேண்டும், வேறு வழியில்லை.

அக்கா திறக்கவில்லை. நான் கெஞ்சினேன், மிரட்டினேன், சாப்பாட்டுத் தட்டைத் தரையில் அடித்தேன். அவள் சிந்திய சோற்றைக் கூட்டி அள்ளினாள்.

இதற்கிடையில் ஊசி மருந்து வைக்கும் ஈயக் குடுவையை என்னால் தூக்க முடியாமல் போனதை டாக்டரம்மா பார்த்துவிட்டார். எனக்கு எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. விலாவின் மயிரிழை விரிசல் பல நேரம் அதில் சிக்காது. “வலி எங்கே இருந்து வருதுன்னு பார்த்துடலாம்” என்று என்னையே மேஜையில் படுக்கவைத்தார். என் ஊசியை வேறொருத்தி போட்டாள். நான் தினம் நகர்த்துகிற கேமரா என் மூக்குக்கு அருகில் வந்து நின்றது. அசையக்கூடாது என்று எத்தனை பேரிடம் அதட்டியிருப்பேன்! அசையாமல் கிடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

என் ஃபிலிமையும் அக்காவின் ஃபிலிமையும் டாக்டரம்மா வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். அக்காவை வரச் சொல்லியிருந்தார். அவள் வந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். என் படத்தில் இடது முதுகில் அடுத்தடுத்து இரண்டு விலாக்களில் புள்ளி. அவள் படத்திலும் அதே இடம், அதே சாய்வு.

“இது யாருது?”

“என்னோடது” என்றேன்.

அக்கா என் பின்னால் வந்து சட்டையை மேலே தூக்கினாள். முதுகு பச்சையும் ஊதாவுமாகக் கன்றியிருந்தது. அவள் விரல்கள் என்மேல் படவில்லை. அருகில் வந்து நின்றுவிட்டன.

“உன்னையுமா?” என்றாள். அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, என் சட்டையை இறக்கிவிட்டு, நேராக வெளிச்சப் பெட்டிக்குப் போனாள்.

“எழுதிக்குங்க டாக்டர்.”

விரலை வைத்தாள். “இது முழங்கை. இதுவும். இது பழசு, போன ஈஸ்டர். இது ஷூ காலு. கீழ போட்டு மிதிச்சது. இந்த ரெண்டும் கட்டில் விளிம்புல தள்ளுனது. இந்த மங்கலா இருக்கறது என்னைக்குன்னா, உப்புமா ஆறிப்போச்சுன்னு.” ஒரு புள்ளியை விடவில்லை. டாக்டரம்மா குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் அப்போது எதிரில் இருந்திருந்தால் ஈயக் குடுவையாலேயே மண்டையைப் பிளந்திருப்பேன்; விலா வலியெல்லாம் எனக்குக் கணக்கில்லை.

முதுகின் அடியில் இருந்த கடைசிப் புள்ளியில் அக்காவின் விரல் நின்றது. யோசித்தாள். “இது… இது தெரியல டாக்டர். இங்க அவர் அடிச்சதே இல்ல.”

முதல் நாளே பார்த்த புள்ளிதான். விலாக்களையே வெறித்துக்கொண்டிருந்ததில் அதை மறந்திருந்தேன். அவர் அடிக்காதது என்றால் வேறு எது? டாக்டரம்மா இடுப்பின் குறுக்குவெட்டுப் படங்களை எடுத்தார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

“எலும்புக்குள்ள இல்லம்மா இது, மூட்டுல இருக்கு. தேய்மானம். யாரும் அடிக்கல, கேன்சரும் இல்ல. வயசாச்சு, அஷ்டே, அவ்வளவுதான். எனக்கும் இருக்கு.”

அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. அக்கா இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறாள், நான் உப்பைக் கூட்டிப் போடுகிறேன் என்று தினமும் என்னைத் திட்டிக்கொண்டு. அன்று அவள் வெளிச்சப் பெட்டியிலிருந்து விரலை எடுக்கவில்லை. முதுகின் அடியில் இருந்த அந்தப் புள்ளியை மெல்லத் தடவினாள்.

“அப்ப இது ஒண்ணுதான் என்னோடது” என்றாள்.