சிங்க் மூடியில் இரண்டு துளை

கரம்பொன்னில் யாக்கோப்பின் கை படாத வள்ளம் இல்லை. அவர் செய்த வள்ளம் ஒழுகியதாக ஒருவரும் சொன்னதில்லை; சொன்னவனோடு அவர் ஒரு வருடம் கதைக்கமாட்டார். போன மாரியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. கடற்கரையில் குந்தியிருந்து வேலை செய்ய ஏலாது. அதனால் அறுபத்திரண்டு வயதில் குசினிகளுக்குள் புகுந்தார். சிங்குக்கு அளவெடுத்த மரமூடி. மூடினால் மேலே மரக்கறி வெட்டலாம், தூக்கினால் கோப்பை கழுவலாம்.

முதல் மூடி மேரிஜோசப்பினுக்கு. பூசை முடிந்து அவள் வாய் திறந்தால் போதும், மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். யாக்கோப்பின் புதுத் தொழில் நிற்பதும் படுப்பதும் அவள் வாயில்தான் இருந்தது. அவளுடைய தம்பி சில்வெஸ்ரர் வீட்டுத் தச்சன். தன்னை விட்டுவிட்டு யாக்கோப்பைப் பிடித்தது அவனுக்குப் பொறுக்கவில்லை. வள்ளம் கட்டுகிறவரைக் குசினிக்குள் விட்டால் சிங்கும் ஒருநாள் கடலுக்குப் போகும் என்று சந்தியில் சொல்லித் திரிந்தான்.

யாக்கோப்பு வேப்பம்பலகையை மயிரிழை இடைவெளியும் இல்லாமல் சீவி, சனிக்கிழமை பின்னேரம் சிங்கில் இறக்கினார். புது வள்ளத்தை ஊறவிடுவதுபோல மூடியின் மேல் விடியும்வரை ஈரச் சாக்கு போடச் சொன்னார். அவள் அடுத்தநாள் விருந்துக்கு வாங்கிய உயிர்நண்டுகளைச் சிங்குக்குள் விட்டு, மூடி, சாக்கையும் போட்டாள்.

வள்ளத்துப் பலகை தண்ணீர் குடித்து உப்பினால் நல்லது, இடைவெளி அடைபடும். சிங்கில் அப்படியில்லை.

ஞாயிறு பூசையால் வந்து பார்த்தால் மூடி அசையவில்லை. உள்ளே நண்டுகள் பிறாண்டின. விறாந்தையில் விருந்துக்கு வந்த சில்வெஸ்ரர் சோடா குடித்துக்கொண்டிருந்தான். தம்பியை விடத் திறமான ஆள் என்று யாக்கோப்பைப் புகழ்ந்தவள் அவள்தான். போனில் மெதுவாகக் கூப்பிட்டாள். அவர் பின்கதவால் வந்தார்.

மேரிஜோசப்பின் வெறும் கிரைண்டரை ஓடவிட்டாள். அந்தச் சத்தத்துக்குள் அவர் மூடியில் இரண்டு துளை போட்டு, விரல்களை விட்டு இழுத்தார். உள்ளே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்ற நண்டுகளில் ஒன்று நடுவிரலைப் பிடித்தது. கத்த ஏலாது. கத்த வேண்டிய பலம் முழுவதும் கைக்குப் போனது. மூடி பிய்த்துக்கொண்டு வந்தது, நண்டும் வந்தது.

கிரைண்டர் நின்றதும் சில்வெஸ்ரர் எட்டிப் பார்த்தான். யாக்கோப்பு கையைச் சாரத்துக்குள் மறைத்தார்.

"இதென்னண்ணை, ரெண்டு ஓட்டை?"

"நண்டுக்குக் காத்து வேண்டாமோ?" என்றார் யாக்கோப்பு.

"காத்தில்லாமல் செத்த நண்டைச் சமைச்சால் நீ தின்னுவியோ?" என்றாள் அக்கா.

சில்வெஸ்ரர் தன் விரலை விட்டுத் துளையின் அளவை மட்டும் பார்த்தான்.

மூடியை வீட்டுக்குக் கொண்டுபோய் யாக்கோப்பு நாலு பக்கமும் ஒரு நூல் அளவு சீவினார். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் மேரிஜோசப்பின் காற்றுத் துளையைப் பற்றித்தான் கதைத்தாள். மூன்று மாதத்தில் பதினொரு மூடி. துளையில்லாத மூடி இப்போது ஒருவருக்கும் வேண்டாம்.

போன கிழமை அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். சில்வெஸ்ரரும் வேலணையில் மூடி செய்யத் தொடங்கிவிட்டானாம். இரண்டு துளை, அதே அளவு, அதே இடம்.

யாக்கோப்பு நடுவிரல் தழும்பைத் தடவினார்.

"துளை மட்டும் போதாது, பிள்ளை. விடியுமட்டும் ஈரச் சாக்குப் போட வேணுமெண்டு அவனுக்கு ஒருக்கால் சொல்லிவிடும்."

அவள் அப்போதே போனை எடுத்தாள்.