பதினைந்து விநாடி

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வயரில் மின்சாரம் ஓடும், இல்லையென்றால் ஓடாது, இதற்கு நடுவில் ஒன்றும் கிடையாது என்பதுதான் என் படிப்பு. இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

தொண்ணூற்றாறில் வவுனியா பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு கொமினிகேஷனில், அதாவது காசு கொடுத்துப் போன் கதைக்கும் கடையில், வேலை பார்த்தேன். வெளியிலிருந்து வரும் இரண்டு லைன்களை நான்கு கண்ணாடிக் கூண்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. அதை அமைத்தவன் நான்தான். அதில் ஒரு கரைச்சல். போர் நடந்துகொண்டிருந்த வன்னிக்குள்ளிருந்து பயணப் பாஸ் எடுத்து வரும் சனம் போனையே கண்டு வருடக்கணக்காகியிருக்கும். கதைத்து முடித்ததும் ரிசீவரைப் போனில் வைக்காமல், பத்திரமாகப் பக்கத்துப் பலகையில் கிடத்திவிட்டுப் போய்விடுவார்கள். மறுமுனையில் வைத்துவிட்டார்கள் என்று பெட்டிக்கு அறிவிக்கும் சிக்னலும் எங்கள் லைனில் வராது. லைன் அப்படியே பூட்டிக் கிடக்கும், வெளியே வரிசை நின்று திட்டும். அதனால் நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். பதினைந்து விநாடி இரண்டு பக்கமும் சத்தமில்லையென்றால் லைனை வெட்டிவிடும்படி பெட்டியை அமைத்தேன். முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

வன்னிக்குள் இருக்கிற புதுக்குடியிருப்பிலிருந்து பூமணி அம்மா வந்தது அதற்குப் பிறகுதான். மகன் சுவிஸில். தகப்பன் செத்து நான்கு மாதம், மகனுக்குக் கடிதத்தில்தான் தெரியும். அவர் நோயில் கிடந்ததையே தனக்கு மறைத்துவிட்டார்கள் என்று அவனுக்குக் கோபமாம். இதையெல்லாம் காத்திருந்த நேரத்தில் அவா என்னிடம் சொன்னா. அன்று பின்னேரத்துக்குள் தாண்டிக்குளம் சோதனைச்சாவடி தாண்டித் திரும்பிவிட வேண்டும், பாஸ் அவ்வளவுக்குத்தான்.

கடிதத்தில் சொன்ன நேரத்துக்கு மகனின் அழைப்பு வந்தது. இரண்டாம் கூண்டுக்குக் கொடுத்தேன். "தம்பி" என்றா, அவ்வளவுதான். பிறகு ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றா. அங்கே அவனும் அப்படித்தான் நின்றிருக்க வேண்டும், ஏனென்றால் பெட்டி தன் வேலையைச் செய்தது. பெட்டியில் அந்தக் கூண்டுக்கான விளக்கு அணைந்ததைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது.

அவா வெளியே வந்து கேட்டா: "அவன் வச்சிட்டானோ தம்பி?"

முதலாளி பக்கத்தில் நின்றார், வரிசையில் சனம் நின்றது. "ஓம் அம்மா, அங்காலதான் வச்சது" என்றேன். அவா பையை எடுத்துக்கொண்டு போனா. அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அன்றைக்கே பெட்டியை மாற்றி அமைத்தேன், அதனால் யாருக்கு என்ன? பத்து நாள் கழித்து ஒரு நடுப்பகல். முதலாளி சாப்பிடப் போயிருந்தார், கடையில் ஒரு குருவிகூட இல்லை. இரண்டாம் கூண்டின் விளக்கு எரிந்தது. மணி அடிக்கவில்லை, ரிசீவர் போனில் ஒழுங்காக இருந்தது. ஏதோ பழுது என்று எடுத்துக் காதில் வைத்தேன். டயல் டோன் இல்லை. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள், தூரத்தில் கையால் அடிக்கும் குழாய்க்கிணறு கிறீச்சிடுகிறது. "ஹலோ" என்றேன். போய் இரண்டு லைன்களையும் சுவரிலிருந்து கழற்றினேன். சத்தியமாகச் சொல்கிறேன், விளக்கு அணையவில்லை. திரும்பி வந்து கேட்டேன், குழாய் இன்னும் கிறீச்சிட்டது.

என்னையறியாமல் வாய் சொன்னது: "அம்மா, உங்கட மகன் வைக்கேல்ல. நான் செய்துவச்ச பெட்டிதான் வெட்டினது. நான் பொய் சொன்னனான்."

மூச்சு ஒருமுறை நீளமாக வெளியே வந்தது. விளக்கு அணைந்தது. லைன்கள் கழற்றியபடியே தரையில் கிடந்தன.

ஒரு மாதம் கழித்துப் புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு பள்ளிக்கூட ரீச்சர் போன் கதைக்க வந்தா. என்னைத் தேடி வந்து, "பூமணி அக்கா சொல்லிவிட்டவா" என்று தொடங்கினா. "மகன் வைக்கேல்லையெண்டு நீங்கள் சொன்னது தனக்குக் கேட்டதாம். மிச்சத்தையும் சொல்லியிருக்கலாமாம்."

அங்கே போன் இருக்கிறதா என்று கேட்டேன். ரீச்சர் சிரித்தா. நான் கடிதம் போட்டிருக்கிறேன் என்று நினைத்தாவாம்.

மிச்சம் என்னவென்று எனக்குத் தெரியும். அன்று அவா வெளியே போய் ஐந்து நிமிடத்தில் மகன் திரும்ப எடுத்தான். அவா றோட்டுக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்து சேலைத் தலைப்பால் முகம் துடைத்துக்கொண்டிருந்தா, கண்ணாடிக்குள்ளால் எனக்குத் தெரிந்தது. கூப்பிட்டிருந்தால் என் பொய் வெளியே வந்திருக்கும். "அம்மா வெளிக்கிட்டுப் போயிட்டா" என்றேன். "கோவிச்சுக்கொண்டோ அண்ணை?" என்று கேட்டான். "தெரியாது" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த நேரம் முதலாளி உள்ளே போயிருந்தார், நான் கதைத்தது வரிசையில் நின்ற யாருக்கும் கேட்டிருக்காது. பிறகும் இதை ஒருவருக்கும் நான் சொன்னதில்லை.