அண்டா கழுவும் வயது

1987இல் எங்கள் தீவு நாட்டில் ராணுவம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததும் இந்திய வம்சாவளியினரான நம்மவர்களில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டைத் தேடினார்கள். நகாசி ஊர்ச் சுஷீலா வயதைக் குறைத்தாள். ஆஸ்திரேலியாவுக்கு இளசுகளைத்தான் எடுப்பார்கள் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தான். பிறப்புப் பத்திரத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது வசதியாயிற்று. நாற்பத்தைந்து வயதுத் தையல்காரி, வக்கீல் முன் செய்த ஒரே சத்தியத்தில் முப்பத்து மூன்றானாள்.

அப்படியும் ஆஸ்திரேலியா அவளை எடுக்கவில்லை. ஆனால் குறைத்த வயதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. இந்த நாட்டில் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்தவர் யார்?

இளமையிலும் சங்கடம் உண்டு. கோயில் விருந்தென்றால் மூத்த பெண்கள் நாற்காலியில் அமர்ந்து குழம்புக்கு உப்புப் பார்ப்பார்கள். இளையவர்கள் அண்டா கழுவுவார்கள். பின்னாளில் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ரஞ்சனா, உண்மையில் சுஷீலாவைவிட ஆறு வயது சின்னவள். அது தெரியாமல் நாற்காலியிலிருந்து குரல் கொடுப்பாள்: "தங்கச்சி, அடியில நல்லாத் தேயி!" சுஷீலா முட்டி வலிக்கத் தேய்ப்பாள், புன்னகையோடு.

இரண்டாயிரத்தில் மறுபடியும் கலகம். நம் டாக்டர்கள் சிட்னிக்குப் பறந்தார்கள். காலி நாற்காலிக்கு மதுரையிலிருந்து டாக்டர் கிரிஜா வந்தார். மறுவருடம் சுஷீலாவின் இடது மார்பில் ஒரு கட்டி. புற்றுநோய்தான். அறுவை சிகிச்சை முடிந்து, கட்டியின் பரிசோதனை முடிவும் வந்தது. துணைக்கு ரஞ்சனா போனாள்.

"அக்குள்ல பரவலைம்மா, நல்ல சேதி," என்றார் கிரிஜா. "ஆனா ஒண்ணு இடிக்குது. உங்களுக்கு நாப்பத்தேழுன்னு எழுதியிருக்கு. சின்ன வயசுல வர்ற கட்டி பல பேருக்கு முரட்டுத்தனமா வளரும். உங்களது பொறுமையான ரகம், ஹார்மோனைத் தின்னு வளர்றது. வயசானவங்ககிட்டத்தான் இது அதிகம்."

"அது நல்லதுதானே?"

"நல்லதுதான். மாத்திரைக்குக் கட்டுப்படும். ஆனா நாப்பத்தேழுன்னா நான் பயந்துக்கிட்டு கீமோவும் சேர்த்துக் குடுப்பேன். முடி கொட்டும், வாந்தி வரும். ஆமா, மாதவிலக்கு எப்ப நின்னுச்சு?"

சுஷீலா மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு ரஞ்சனாவை. "ரஞ்சனா, நீ கொஞ்சம் வெளிய போறியா?"

"ஏன் தங்கச்சி? நான் உன் அக்கா மாதிரி!"

"அதுதான் சங்கடம்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "டாக்டரம்மா, எனக்கு ஐம்பத்தொன்பது."

ரஞ்சனா மனதுக்குள் கழித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "அரே! அப்ப எனக்கு நீ அக்காவா?"

கிரிஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு முடிவுத் தாளை மறுபடி படித்தார். "வயசை மட்டும் வச்சு வைத்தியம் இல்லம்மா, கட்டி என்ன சொல்லுதுன்னும் பார்க்கணும். இப்ப ரெண்டும் ஒரே கதை சொல்லுது. கட்டியும் சின்னது. கீமோ வேண்டாம். தினம் ஒரு மாத்திரை, அஞ்சு வருஷம். செக்கப்புக்கு மட்டும் தவறாம வரணும்."

வயது கூடியதற்காக ஆஸ்பத்திரி வாசலில் ஆடிய பெண்ணை நகாசி அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தது. டாக்சிக்காரர் பிள்ளைப்பேறு என்று நினைத்து வாழ்த்துச் சொன்னார். சுஷீலா மறுக்கவில்லை, பழக்கதோஷம்.

அடுத்த கோயில் விருந்தில் அவள் நாற்காலியில் அமர்ந்திருந்தாள். இத்தனை வருட ஏமாற்றுக்கு அபராதம் கேட்க வந்த ரஞ்சனாவிடம், அக்காவைத் தேய்க்க வைத்த குற்றத்துக்கென்று தானே அபராதம் விதித்து அண்டாவை ஒப்படைத்திருந்தாள்.

"இந்த ஒரு தடவைதான், அக்கா!" என்று அண்டாவுக்குள்ளிருந்து குரல் வந்தது. "உப்புப் பார்த்தாச்சா?"

சுஷீலா உள்ளங்கையில் விட்ட குழம்பை நிதானமாகச் சுவைத்தாள்.

"உப்பு சரியா இருக்கு. அடியில நல்லாத் தேயி, தங்கச்சி."