முதல் பந்தியிலேயே சொல்ல வேண்டியது

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையில் எனக்கு இரண்டு தடவையும் எழுத்துப் பகுதியில்தான் அடி விழுந்தது. கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் அவர்கள் கேட்ட புள்ளி கிடைத்திருந்தது. எழுத்தில் மட்டும் அரைப் புள்ளி குறைவு. முதல் தடவை அதைத் துரதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் தடவையும் அதே அரைப் புள்ளி குறைந்தபோது குறை என்னிடம்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

நான் பதுளையில் ஒரு வைத்தியசாலையில் தாதி. பிறந்து வளர்ந்தது ஸ்பிரிங்வெளிப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில். வீட்டில் தமிழ், வார்டில் சிங்களம், நோயாளியின் குறிப்பேட்டில் ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் என் நாள் ஓடுகிறது. அந்தக் குறிப்பேட்டில் நான் எழுதும் ஆங்கிலத்தை எந்த டாக்டரும் குறை சொன்னதில்லை. காய்ச்சல் எவ்வளவு, மூச்சு எப்படி, எத்தனை மணிக்கு எந்த ஊசி. அதில் என் கருத்துக்கு இடமில்லை. யாரும் கேட்பதும் இல்லை.

பரீட்சைக் கட்டுரையோ கருத்தைத்தான் கேட்கும். சிலர் இப்படிச் சொல்கிறார்கள், வேறு சிலர் அப்படிச் சொல்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று. நாற்பது நிமிடத்தில் இருநூற்றைம்பது சொல்லாவது எழுத வேண்டும். இணையத்தில் பாடம் நடத்துகிறவர்களைப் பார்த்து எந்தத் தலைப்புக்கும் பொருந்தக்கூடிய தொடக்க வாக்கியங்கள் பத்துப் பன்னிரண்டைப் பாடமாக்கி வைத்திருந்தேன். அவற்றில் இரண்டைப் போட்டதுமே ஒரு பந்தி நிறைந்துவிடும். உள்ளே ஒன்றும் இருக்காது.

மூன்றாம் தடவைக்கு விண்ணப்பித்திருந்தபோதுதான் அந்தப் பெண் பழக்கமானாள். பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். அவளுடைய அப்பா சத்திரசிகிச்சை முடிந்து எங்கள் வார்டில் பத்து நாள் இருந்தார். துணைக்கு இருந்தவள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என்னிடம் இருந்த அதே பயிற்சிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். மேற்படிப்புக்குப் போக அவளுக்கும் அந்தப் பரீட்சை தேவைப்பட்டது. என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். தாதிகளை எல்லோரும் அழைப்பதுபோல அவளும் என்னை மிஸ் என்றுதான் அழைத்தாள். அவளுடைய அப்பா வீட்டுக்குப் போன பிறகும் அது மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு அவர்கள் கடை மூடிவிடும். நான் தேவாலயத்தில் பூசை முடிந்து அங்கே போவேன். மேல்மாடியில் துணி விரித்து வெட்டும் நீள மேசை ஒன்று இருந்தது. அதன் இரு பக்கமும் உட்கார்ந்து, ஒரே தலைப்பில் ஆளுக்கொரு கட்டுரை எழுதி, கொப்பியை மாற்றிப் படிப்போம்.

அவளுடைய கட்டுரை எப்போதும் நான்கு பந்தி. முதல் பந்தியில் கேள்வியைத் தன் சொல்லில் ஒரு வரி சொல்வாள். அடுத்த வரியிலேயே தன் முடிவைச் சொல்லிவிடுவாள். இரண்டாவதில் ஒரு காரணமும் உதாரணமும், மூன்றாவதில் இன்னொரு காரணம், கடைசியில் இரண்டே வரி. என்னுடையது ஆறு பந்தி, ஏழு பந்தி என்று நீளும். நான் பிழையில்லாமல் எழுதினேன், அவள் அங்கங்கே பிழை விட்டாள். இருந்தும் அவள் எழுதியது புரிந்தது.

மூன்றாவது ஞாயிறு என்று நினைக்கிறேன். வேலை கொடுக்கிறவர்களே வேலையாட்களுக்கு வீடும் கொடுக்க வேண்டுமா என்பது தலைப்பு. நான் எழுதியதை அவள் இரண்டு முறை படித்தாள்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. வீடு குடுக்கணுங்கிறீங்களா, வேணாங்கிறீங்களா?"

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றேன்.

"இருக்கட்டும். நீங்க எந்தப் பக்கம்?"

நான் அவளுடைய கொப்பியை எடுத்துப் படித்தேன். வீடு கொடுப்பது நல்லது, வாடகை மிச்சம், பஸ்ஸில் அலைய வேண்டியதில்லை, அப்படி வீடு கிடைப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்று எழுதியிருந்தாள். அந்த அதிர்ஷ்டசாலி என்ற சொல்லில் எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் வர வேண்டிய கோபம் இல்லை அது. ஆனாலும் அவளிடம்தான் பேசினேன்.

எங்கள் வீடு தோட்டத்துக்குச் சொந்தம், எங்களுக்கு இல்லை என்றேன். வீட்டில் ஒருவருடைய பெயராவது தோட்டத்தில் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் கேட்பார்கள் என்ற பயம் எங்களுக்கு எப்போதும் இருந்தது. நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அப்பா இறந்தார். அம்மாவுக்கு இழுப்பு, மலைக்கு ஏற முடியாது. ஓ.எல். வகுப்பில் இருந்த அக்கா படிப்பை நிறுத்திவிட்டுப் பெயர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனாள். அந்த வீட்டில் இருந்துகொண்டுதான் நான் படித்தேன், தாதியும் ஆனேன். பத்து நிமிடமாவது பேசியிருப்பேன். வேலை பார்க்கும் இடத்தில் யாரிடமும் நான் இதைச் சொன்னது கிடையாது.

அவள் கேட்டுக்கொண்டே, ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் அதை என் பக்கம் தள்ளினாள். நான் சொன்னதெல்லாம் அதில் மூன்றே வரியில் இருந்தது.

"வீடும் வேலையும் ஒரே கையில இருந்தா ஆளு வேலைய விட முடியாது. இதத்தானே இவ்வளவு நேரமும் சொன்னீங்க. முதல் பந்தியிலேயே போடுங்க மிஸ். மத்ததெல்லாம் அதுக்குக் காரணம்."

அங்கேயே உட்கார்ந்து திரும்ப எழுதினேன். நான்கு பந்தி, முப்பத்தைந்து நிமிடம். மூன்றாம் பந்தியில் அக்காவை உதாரணமாக வைத்தேன். என் கட்டுரை ஒன்று நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தெரிந்தது அன்றைக்குத்தான். திரும்பி வரும்போது அக்காவைக் கேட்காமல் அவளைப் பற்றி எழுதிவிட்டோமே என்று உறுத்தியது.

அடுத்த லீவு நாளில் ஸ்பிரிங்வெளிக்கு பஸ் ஏறினேன். அக்கா மலையிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு, படியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு எழுதிப் பழகியது என்று சொல்லி முழுக் கட்டுரையையும் தமிழில் சொல்லிக் காட்டினேன். முடியும்வரை கேட்டாள்.

"நல்லாத்தான் எழுதிருக்க. ஆனா என்னைய யாரும் நிப்பாட்டல. நானாத்தான் நின்னேன். எனக்குக் கணக்கு ஏறவே இல்ல. எப்படா நிப்போம்னு இருந்துச்சு."

 வீட்டுக்காகவும் எனக்காகவும் அக்கா படிப்பை விட்டாள் என்ற பாரத்தைத்தான் இருபது வருஷமாக நான் சுமந்துகொண்டிருந்தேன். அப்படியென்றால் வீடு போய்விடும் என்று நீ பயப்படவே இல்லையா என்று கேட்டேன். அக்கா கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தாள்.

"பயமும் இருந்துச்சு. ரெண்டுந்தான். கணக்கு நல்லா வந்திருந்தாலும் நின்னுதான் இருப்பேன். அது எனக்கே அப்புறந்தான் வெளங்குச்சு."

பிறகு, இதையும் அந்த வெள்ளைக்காரர்களுக்கு எழுதப் போகிறாயா என்று கேட்டுச் சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு இதைத் துணிக்கடைப் பெண்ணிடம் சொன்னேன். திருத்துகிறவர் ஸ்பிரிங்வெளிக்கு வந்து விசாரிக்கப் போவதில்லை, அப்படியே விடலாம் என்றாள். எனக்கு மனம் கேட்கவில்லை. முடிவை மாற்றவில்லை, அது இன்னும் என் கருத்துதான். உதாரணத்தில் மட்டும், அக்கா படிப்பை விட்டதற்கு வீட்டைப் பற்றிய பயமும் ஒரு காரணம் என்று திருத்தினேன். அவள் படித்துப் பார்த்து, இதுதான் நம்பும்படி இருக்கிறது என்றாள். முன்பெல்லாம் எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று கட்டுரை முழுக்கச் சந்தேகத்தைத் தூவி வைத்திருந்தேன். சந்தேகம் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில் மட்டும் அதைச் சொன்னால் போதும் என்பது அப்போதுதான் பிடிபட்டது.

பரீட்சை கண்டியில். கட்டுரைத் தலைப்பு, இயற்கை அழகுள்ள ஊர்களுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேண்டுமா என்பது. என் வீட்டுக்காரர் வேலை பார்ப்பது சுற்றுலா ஊரான எல்லவில் ஒரு ஹோட்டலில். கூட்டம் வந்தால்தான் எங்கள் அடுப்பு எரியும். ஆனால் அங்கே தண்ணீர் போதாமல் போவதையும், பாதையில் வாகனம் நெரிவதையும் அவரே வந்து சொல்லியிருக்கிறார். இரண்டு நிமிடம் பேனையைத் தொடாமல் இருந்தேன். பிறகு, கட்டுப்படுத்தத்தான் வேண்டும் என்று முதல் பந்தியிலேயே எழுதினேன். மூன்றாம் பந்தியில், அதனால் என் குடும்பத்தைப் போன்றவர்களின் வருமானம் குறையக்கூடும், அதற்கு மாற்று வழி செய்யாமல் கட்டுப்பாடு போடுவது அநியாயம் என்றும் எழுதினேன். நேரம் முடிய நான்கு நிமிடம் இருந்தது. எழுத்துப்பிழை பார்த்தேன்.

தேவைப்பட்ட புள்ளி வந்தது. அதற்கு மேல் அரைப் புள்ளிகூட வரவில்லை. துணிக்கடைப் பெண் முதல் தடவையிலேயே என்னைவிடக் கூட எடுத்தாள். இப்போது அவள் வெளிநாட்டில் படிக்கிறாள், நான் இங்கே வேலைக் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.

பெறுபேறு வந்த அன்று வீட்டுக்காரரிடம் கட்டுரையில் என்ன எழுதினேன் என்று சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப என் வேலைக்கு எதிரா எழுதித்தான் பாஸ் பண்ணிருக்க?"

ஆமாங்க என்றேன். அவர் மற்றச் சப்பாத்தையும் கழற்றி வைத்தார். நான் போகப்போகும் நாட்டில் குளிர் எப்படி இருக்கும் என்று கேட்டார்.