ஒட்டுசுட்டானுக்கு வெறுங்கையோடு

எனக்கு வயது எழுபத்துநான்கு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் மூத்த மகளின் மகன் கோகுலன். தாய் போனபிறகு என் கையால் சோறு தின்று வளர்ந்தவன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக்கூட்டி எழுத நேரம் எடுக்கும். ஆனாலும் இந்தப் பயணத்தைப் பற்றி ஸ்கந்தபுரத்தில் ஆளுக்கொரு கதை கதைக்கிறார்கள். போனவள் நான். ஆகையால் நானே எழுதுகிறேன்.

மாசி மாதம், அறுவடை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்குக் கோகுலனின் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். அவன் நெல்லு வெட்டும் மிசினோடு ஒட்டுசுட்டான் பக்கம் வேலைக்குப் போன இடத்தில் தர்ஷினி என்ற பிள்ளையை விரும்பிவிட்டான். அவளுடைய ஆட்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வந்து குடியேறியவர்கள். இரண்டு பகுதியும் வந்து குடியேறியதுதான் என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. "தோட்டக்காட்டு ஆக்களோடை எனக்குச் சம்பந்தம் வேண்டாம்" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னேன்.

"ஒருக்கால் வந்து பாத்திட்டுச் சொல்லுங்கோ அம்மம்மா" என்றான்.

பார்க்க அல்ல, வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். அதைச் சொல்ல எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் மனம் ஒப்பினால் சாப்பிடுவோம். ஒப்பாவிட்டால் ஒரு மிடறு தண்ணீரும் குடிக்காமல் எழும்பி வந்துவிடுவோம். வாயால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அதற்காகவே விடியப்புறம் பிட்டும் சம்பலும் வயிறு முட்டச் சாப்பிட்டேன். குடிக்க ஒரு போத்தல் தண்ணீரைப் பையில் வைத்தேன். வேறொன்றும் வைக்கவில்லை.

அக்கராயன் தாண்டி முறிகண்டிக்கு வந்தால் பெரிய வீதி. அங்கே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல், ஒரு பை கச்சான் கடலையாவது வாங்காமல் எந்த வாகனமும் போகாது. கோகுலன் வேகத்தைக் குறைத்தான்.

"நிப்பாட்டாதை" என்றேன்.

"பிள்ளையாரணை, அம்மம்மா!"

"இருந்தபடியே கும்பிட்டிட்டன். நீ போ."

ஞாயிற்றுக்கிழமை அங்கே அறிந்த முகம் பத்தாவது நிற்கும். எங்கே போகிறாய் என்று கேட்டால் எந்த வீட்டுக்கென்று சொல்வது? அதுதான் காரணம். பிள்ளையாருக்கும் அது தெரிந்திருக்கும்.

முறிகண்டியிலிருந்து மாங்குளம் பதினேழு பதினெட்டுக் கிலோமீற்றர். மாங்குளச் சந்தியில் பழக்கடை முன்னால் அவன் இறங்கி, "கொஞ்சம் முந்திரிகைப்பழம் வாங்குவம்" என்றான். விலையைக் கேட்டுவிட்டு, கூடிப்போச்சு என்றேன். இலவசமாகத் தந்தாலும் நான் வாங்கியிருக்கமாட்டேன். பழத்தோடு போனால் விருப்பத்தோடு வந்ததாக நினைப்பார்களே. அவன் ஹெல்மெட்டை மாட்டினான்.

சந்தியால் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பினோம். ஒலுமடு வரை வயல் தெரியும். பிறகு இரண்டு பக்கமும் காடு. வீதி ஓரத்தில் யானை லத்தி காயாமல் கிடந்தது. கரிப்பட்டமுறிப்பைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் என் காலுக்குக் கீழே, அரிசியில் கல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு டக்கென்று ஒன்று. எஞ்சின் கத்துகிறது, மோட்டார் சைக்கிள் நகரவில்லை.

கோகுலன் கியரைக் காலால் மிதித்தான், மேலே கிளப்பினான். அது உடைந்த கதவின் கொண்டி போல ஆடியது.

"கியர் விழுகுதில்லை. உள்ளுக்குப் பல்லு ஏதோ உடைஞ்சிட்டுது. பிள்ளையார்தான் பிடிச்சு வைச்சிருக்கிறார் போல."

"உன்ரை பகிடியை விட்டிட்டுத் தள்ளு."

தள்ளினோம். அவன் கைபிடியைப் பிடித்தான். நான் பின்னால் கை வைத்தபடி நடந்தேன். வெயில் ஏறியது. ஒரு மருதமர நிழலில் நின்று அவன் தொலைபேசியில் தர்ஷினி வீட்டுக்குக் கதைத்தான். நான் எஞ்சினைத் தொட்டேன், கை சுட்டது. எங்கள் வயலில் தண்ணீர் இறைக்கிற மிசின் சூடேறி நின்றால் வாளித் தண்ணீரை ஊற்றுவோம், கொஞ்சத்தில் ஓடும். என் பையிலிருந்த போத்தலைத் திறந்து முழுவதையும் ஊற்றினேன். சீ என்று ஆவி கிளம்பியது.

கோகுலன் ஓடிவந்தான். "என்னணை செய்யிறியள்? இது தண்ணி இறைக்கிற மிசினே?"

"உனக்கு முதலே நான் மிசின் பாத்தவள்" என்றேன்.

அந்தப் பெருமையோடு என் குடிதண்ணீர் முடிந்தது.

பத்து மணிக்குமேல் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மிசின் பின்பெட்டியோடு இரைந்துகொண்டு வந்தது. ஓட்டியவர் தர்ஷினியின் தகப்பன் முருகையா. மெலிந்த மனுசன். வந்தவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பெட்டியில் சாக்கை மடித்துப் போட்டார். "ஏறுங்கம்மா. இந்த இடத்துல நிக்கிறது சரியில்ல, யானை கடக்கிற வழி."

சம்பந்தம் வேண்டாமென்று சொல்லப் போனவள், அந்த வீட்டு லான்ட்மாஸ்டரில் நெல்லு மூட்டை மாதிரி ஏறிப் போனேன். பின்னால் கயிற்றில் கட்டிய மோட்டார் சைக்கிளில் கோகுலன் இருந்தான். ஒட்டுசுட்டானில் கராஜ்காரர் கீழே குனிந்து பார்த்தார். "கியர்பொக்ஸ் பிரிக்கவேணும். சாமான் கிளிநொச்சியாலை வரவேணும். புதன்கிழமை வாங்கோ" என்றார். திரும்பிப் போக இனி பின்னேர பஸ்தான்.

முருகையா வீடு சந்தியிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீற்றர். முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. அவர் மனைவி லெச்சுமி படலைக்கு வந்து, "வாங்கம்மா, உக்காருங்க" என்று கதிரையை நிழலுக்கு இழுத்துப் போட்டா. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினா.

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "வேண்டாம் பிள்ளை. வழியிலை குடிச்சனான்" என்றேன்.

லெச்சுமி என் முகத்தைப் பார்த்தா. மடியில் கிடந்த வெறும் பையைப் பார்த்தா. செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனா. தேத்தண்ணி கொண்டுவரவில்லை. அப்பாடா, விளங்கிவிட்டது என்று நினைத்தேன். கோகுலன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் லெச்சுமி திரும்பி வந்து மெல்லிய குரலில் சொன்னா: "அம்மா, பக்கத்து வீட்டு அக்கா உங்களச் சாப்பிட வரச் சொல்றாங்க. அவங்க யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கம், உங்க ஆளுங்கதான். அங்க சாப்பிட்டா எங்க வீட்டுல சாப்பிட்டதா ஆகாது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு. வயசானவங்க பசியோட இருக்கக் கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எழும்பிப் போனேன். பசியும் தாகமும் அப்படி.

பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி நல்ல கதைகாரி. முதலில் தண்ணீர் தந்தா. பிறகு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல், முருங்கையிலை வறை. பாதிக் கோப்பை முடிந்தபிறகுதான் எனக்கு வாய் திறந்தது. "கத்தரிக்காய் நல்லாயிருக்கு. பழப்புளியோ விட்டனீங்கள்?"

"நான் எங்கையணை சமைச்சன்? நேற்றையான் சோத்திலை தண்ணி ஊத்தி வைச்சிருக்கிறன். இது வேலிக்கு மேலாலை வந்தது. லெச்சுமி விடியத் தொடக்கம் உங்களுக்கெண்டு சமைச்சவா. 'அவங்களுக்கு விருப்பமில்ல போலக்கா, உங்க கோப்பையில போட்டுக் குடுங்க' எண்டு தந்தவா. சொல்லவேண்டாமெண்டும் சொன்னவா. எனக்கு வாய் நிக்காது."

கையில் உருட்டிய சோறு அப்படியே இருந்தது. சாப்பாட்டின் இடையில் எழும்பக்கூடாது என்று ஆறு பிள்ளைகளுக்கும் அடித்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். கோப்பையோடு எழும்பினேன். எச்சில் கையோடு, வேலியில் ஆடு நுழைகிற இடைவெளியால் சேலையை முள் பிடிக்கப் பிடிக்க அடுத்த வளவுக்குப் போனேன்.

குசினி வாசலில் லெச்சுமி மிஞ்சிய சோற்றை மூடிக்கொண்டிருந்தா. நான் அங்கேயே நிலத்தில் இருந்தேன்.

"பிள்ளை, இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றேன்.

ஓடிவந்து போடுவா என்று நினைத்தேன். அதுவும் என் பெருமைதான். லெச்சுமி அசையவில்லை. "அவசரப்படாதீங்கம்மா. எங்க பிள்ளையையும் கேக்கணும்ல" என்றா.

தர்ஷினி உள்ளேயிருந்து வந்தாள். கரண்டியை எடுத்தாள். போடவில்லை. "அம்மம்மா, பைக் உடையாமல் வந்திருந்தால் எங்கட வீட்டிலை சாப்பிட்டிருப்பீங்களா?"

முற்றத்தில் கோகுலனும் முருகையாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு நிலத்தைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

"இல்லைப் பிள்ளை. தண்ணியும் குடிச்சிருக்கமாட்டன்."

அவள் சோற்றுப் பானையைத் திறந்தாள். பிறகு ஒரு கரண்டி சோறு போட்டாள். ஒன்றுதான். அதன்மேல் பருப்பு விட்டாள். "சாப்பிடுங்கோ, ஆறப்போகுது" என்றாள்.

பின்னேர பஸ்ஸில் மாங்குளம் வந்து, அங்கிருந்து வேறு பஸ் பிடித்தோம். முறிகண்டியில் பஸ் நின்றபோது முதல் ஆளாக இறங்கி ஒரு தேங்காய் வாங்கினேன். கோகுலன் காதுக்குள், "இனிக் கியரை விடுவாரோ?" என்றான். கச்சான் கடையில் எங்கள் ஊர்ப் பெண்ணொருத்தி, "எங்கையணை போட்டு வாறியள்?" என்று கேட்டாள். "பேரனுக்குப் பெம்பிளை கேட்டு ஒட்டுசுட்டானுக்கு" என்று சத்தமாகச் சொன்னேன். எந்த ஆட்கள் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். ஊரில் ஓடுகிற கதை அங்கேதான் தொடங்கியது.

வழி ஒன்றும் பெரிய தூரமில்லை. வீடும் எங்கள் வீடு போலத்தான்: அதே ஓடு, அதே கிணறு, அதே நெல்லு மூட்டை. எங்கள் குசினியில் நின்று பார்க்கிறபோது, பிடிக்காதவர்களுக்கு வேலிக்கு மேலால் சோறு கொடுத்தனுப்ப எனக்குத் தோன்றியிருக்குமா என்று யோசிக்கிறேன். தோன்றியிருக்காது.

வருகிற ஞாயிறு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். நான் சமைத்து வைப்பேன். சாப்பிடுவதும் விடுவதும் அவர்கள் விருப்பம். அந்த வழக்கம் அவர்களுக்கும் இருக்கிறது.

கோகுலன், இங்கே வா. இதை எனக்கு ஒருக்கால் வாசித்துக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்து. அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியையும் நான் சொன்ன மறுமொழியையும் மட்டும் தாண்டிப் போகாதே.