பெட்டியில் அவள் பக்கம்

தொழிற்சாலையில் அவருக்கு ‘வைக்கோல்’ என்று பெயர். பீங்கான் கோப்பையும் தட்டும் செய்கிற இடம் அது. அங்கே பொதி கட்டும் பிரிவுக்கு அவர் மேற்பார்வையாளர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோப்பைகளுக்கு நடுவே வைக்கோல் திணித்துத்தான் பெட்டி கட்டினார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தலைமுடியில் ஒரு துரும்பாவது ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு வைக்கோல் போய்க் காகிதச் சுருள் வந்தது. அதுவும் போய், காற்றுக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள் வந்தது. பெயர் மட்டும் போகவே இல்லை. ஓய்வு பெற்ற அன்று முதலாளியே வாய்தவறி “நம்ம வைக்கோல் சார்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கூட்டத்தில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் இவர்தான்.

பெட்டிக்குள் காலி இடம் விடக் கூடாது. விட்டால் சாமான் ஆடும், ஆடினால் உடையும். அவருடைய தொழில் ஞானம் முழுவதும் இவ்வளவுதான். இதை வைத்தே குடும்பத்தையும் நடத்திவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு.

அவர் கட்டிய பெட்டிகள் எல்லாம் கப்பலில் போயின. அவர் கப்பலைப் பார்த்ததுகூடக் கிடையாது. லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும், வாசல்வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். ‘இந்தக் கோப்பைக்கு இருக்கிற கொடுப்பினை நமக்கு இல்லையே’ என்று பல தடவை நினைத்திருக்கிறார். ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக ஒரு பயண நிறுவனத்துக்குப் போய் வழவழப்பான விளம்பரப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து மனைவியின் மடியில் போட்டார். உல்லாசக் கப்பல். ஒரு வாரம். இருவருக்கும்.

அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். படுக்கையறைப் படத்தில் விரலை வைத்து, “ஒரு வாரமும் இந்த ரூமுக்குள்ளயேவா?” என்று கேட்டாள்.

“அடி பைத்தியமே! பால்கனி வெச்ச ரூமாவே எடுத்துடறேன். காத்தோட்டமா இருக்கும்.”

“அது சரி,” என்றாள் அவள்.

அவர் வேலைக்குப் போன காலத்தில் வீடு அவள் கையில் இருந்தது. ஓய்வுக்குப் பிறகு அவர் கைக்கு வந்தது. கை சும்மா இருக்குமா? ஒரு நாள் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் சமையலறை அலமாரி முழுவதையும் மாற்றி அடுக்கியிருந்தார்.

“சர்க்கரை டப்பா எங்கங்க?”

“கீழ்த்தட்டு, வலது மூலை. கனமானது கீழ, லேசானது மேல. இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் சமையல் பண்ணே?”

“தெரியாமத்தான் பண்ணேன். நீங்களும் தெரியாமத்தான் சாப்பிட்டீங்க.”

இதை அவர் மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மனைவிக்கு வாய்த் துடுக்கு என்பதில் அவருக்குப் பெருமை.

அவள் தினமும் காய்கறி வாங்கப் போகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். குளிர்பதனப் பெட்டியில் நேற்று வாங்கியது அப்படியே இருக்கும். “அன்னன்னைக்கு வாங்கினாத்தான் ருசி,” என்பாள். துணைக்கு என்று அவரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முட்டி வலி வந்து அவரை வீட்டோடு உட்கார வைத்தது. “பாவம், வலியோட எதுக்கு? நான் போயிட்டு வந்துடறேன்,” என்றாள் அவள். அந்தக் கரிசனத்தை நினைத்தால் அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்து போகும்.

கப்பலுக்கு என்ன உடுத்துவது என்பது பெரிய ஆராய்ச்சியாக நடந்தது. விளம்பரப் புத்தகத்தில் எல்லாம் போட்டிருந்தது. முதல் நாள் சாதாரண உடை. ஒரு சாயங்காலம் எல்லோரும் வெள்ளை. ஒரு நாள் கேப்டனோடு விருந்து, அதற்குப் பட்டும் கோட்டும். மேல்தளத்தில் காற்று அடிக்கும் என்பதால் கம்பளிச் சால்வை. இவர் வாழ்நாளில் முதல் தடவையாகக் கோட்டு தைத்துக்கொண்டார். மகள் பார்த்துவிட்டு, “கேப்டனே உங்களுக்கு எழுந்து சல்யூட் வெக்கப் போறாருப்பா,” என்று கேலி செய்தாள்.

புடவைக் கடைக்கு மூவருமாகப் போனார்கள். மனைவி எப்போதும் சாம்பல், காப்பிப்பொடி, பாசிப்பச்சை என்று மங்கின நிறமாக உடுத்துகிறவள். அன்றைக்கு என்னவோ கடல்நீலத்தில் மெல்லிய வெள்ளிக் கரை போட்டதை எடுத்தாள். மஞ்சளில் ஒன்று எடுத்தாள். கறுப்புக் கரை வைத்த வெள்ளை, விருந்துக்கு மெரூன் பட்டு. ஒவ்வொன்றையும் மகள் தோளில் போட்டுத்தான் பார்த்தாள்.

“உன்மேல போட்டுப் பாரேன்,” என்றார் இவர்.

“என் மூஞ்சி எனக்குத் தெரியாதா? அவமேல போட்டாத்தான் நிறம் தெரியும்.”

கப்பல் என்றதும் மனைவிக்கு வயது குறைந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் ஒத்திகை நடக்கும். கட்டில்மேல் பெரிய பெட்டியைத் திறந்துவைப்பார். வலது பக்கம் அவருடையது, இடது பக்கம் அவளுடையது. சட்டைகளைச் சுருட்டுவார், காலணிக்குள் காலுறையைத் திணிப்பார். அவள் நான்கு புடவைகளையும் மடித்தபடி கொண்டுவந்து நீட்டுவாள்.

“பிளவுஸ் எங்க?”

“தையல்காரம்மாகிட்ட இருக்கு.”

“இன்னுமா தைக்கிறா?”

“அவளுக்குக் கை ஒழியலையாம். நான் போய்ப் போய்க் கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”

உண்மைதான், காய்கறிக்குப் போன நேரம் போகத் தையல்காரம்மா வீட்டுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தாள். பிளவுஸ் வருகிறவரை அந்த இடம் காலியாக இருக்கக் கூடாதே. பழைய செய்தித்தாளைப் பிளவுஸ் கனத்துக்குச் சுருட்டி, புடவைக்கு ஒன்றாக நான்கு சுருள்களை வைத்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவரும் சேர்ந்து சிரித்தார்.

பயணத்துக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, ஒரு மதியம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போனபிறகு, கப்பலை ரத்து செய்துவிடலாம் என்று அவர்தான் சொன்னார். மகள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். நகரத்தின் மறுகோடியில் தனியாக இருக்கிறாள், கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. எளிதில் லீவு கிடைக்காத இடம்.

“அம்மா இடத்துல நான் வரேன்பா. லீவெல்லாம் பிரச்சினை இல்ல, முன்னாடியே சொல்லி வெச்சிருக்கேன்.”

எதற்காக முன்னாடியே சொல்லிவைத்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை. பெற்ற மகள் இப்படித் தாங்குகிறாளே என்று கண் கலங்கிவிட்டது, அவ்வளவுதான்.

கிளம்ப வேண்டிய வாரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியைத் திறந்துவைத்தார். மனதில் ஒன்றே ஒன்று இருந்தது. அவளுடைய மெரூன் பட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அம்மா புடவை ஒன்றை எடுத்துப்போவதாக மகளிடமும் போனில் சொல்லியிருந்தார். விருந்தன்று பக்கத்து நாற்காலியில் மடித்துவைப்பார். மேல்தளத்துக்கும் கொண்டுபோவார். அவள்தான் பார்க்கவில்லை, அவளுடைய ஒரு புடவையாவது கடலைப் பார்க்கட்டும்.

மடிப்பு பெரியதாக இருந்தது. சின்னதாக மடிக்கலாம் என்று கட்டிலில் விரித்தார். விரித்தவர் உள்முனையில் கையை வைத்தபடி நின்றுவிட்டார். புடவையோடு சேர்த்து நெய்த பிளவுஸ் துணி வெட்டப்படாமல் அப்படியே இருந்தது. அதை வெட்டிக் கொடுத்தால்தானே தைக்க முடியும்? நீலத்தை விரித்தார். அதிலும் இருந்தது. மஞ்சள், வெள்ளை, எதிலுமே கத்தரி படவில்லை. துணி இங்கே இருக்கிறது. அப்படியானால் தையல்காரம்மாவிடம் இருப்பது என்ன?

முட்டி வலியை மறந்து மூன்று மாடியும் இறங்கினார்.

தையல்காரம்மா இரண்டு தெரு தள்ளி, நகல் எடுக்கும் கடைக்கு மேலே ஒற்றை அறையில் தைக்கிறாள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“வாங்க சார். சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே.”

“எங்க வீட்ல குடுத்த பிளவுஸ் இருக்குமேம்மா. கப்பலுக்குன்னு குடுத்தது. தைக்காட்டியும் பரவாயில்ல, அப்படியே குடுத்துடுங்க.”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. மிஷின்மேல் கிடந்த நூல்கண்டை எடுத்தாள், வைத்தாள்.

“தேடிப் பாக்கணும் சார். நாளைக்கு வரீங்களா?”

“துணி வீட்ல இருக்கும்மா. இப்பத்தான் பாத்துட்டு வரேன்.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். “எம்மேல கோவப்படாதீங்க சார். அக்காதான், அவர் கேட்டா பிளவுஸ் உங்கிட்ட இருக்குன்னு சொல்லுன்னாங்க. எத்தனை நாளுக்கு அக்கான்னு கேட்டேன். கப்பல் போற வரைக்குந்தான்னாங்க.”

“பின்ன இங்க வந்து என்ன பண்ணிட்டிருந்தா?”

தையல்காரம்மா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே ஒரு ஸ்டூல் கிடந்தது. அதன்மேல் பூப்போட்ட சின்ன மெத்தை. தங்கள் வீட்டு சோபாவில் இருந்து காணாமல் போனது என்று அவர் ஒரு வாரம் தேடிய மெத்தை.

“அதுல உக்காந்திருப்பாங்க சார். எங்கிட்டகூட ஒண்ணும் பேச மாட்டாங்க. சும்மா ரோட்டப் பாத்துட்டிருப்பாங்க. அப்புறம் நேரமாச்சுன்னு எழுந்து போயிடுவாங்க.”

திரும்பி வரும் வழியில் காய்கறிக் கடைக்காரர், “என்ன சார், நீங்களே இறங்கிட்டீங்க?” என்று குரல் கொடுத்தார். கடைக்காரருக்கு என்ன தெரியுமோ, எவ்வளவு தெரியுமோ என்று தோன்றியது. நிற்காமல் நடந்தார்.

சாயங்காலம் மகள் தன் துணிப்பையோடு வந்தாள்.

“பெட்டி ரெடியாப்பா? என் துணிய அம்மா பக்கம் வெச்சுடலாமா? ஒரே பெட்டியாப் போயிடும்.”

“தையல்காரம்மாவப் பாத்துட்டு வந்தேன்.”

மகள் கையில் இருந்த பையைக் கீழே வைக்கவில்லை. அந்தப் பை ஆடாமல் நின்றதிலேயே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது.

“உனக்கும் தெரியும்.”

“அம்மாவுக்கு வர இஷ்டமே இல்லப்பா.”

“தண்ணின்னா பயமா அவளுக்கு?”

“பயமெல்லாம் இல்ல.”

“பின்ன?”

“விடுங்கப்பா. போனவங்களப் பத்தி இப்ப எதுக்கு...”

“பின்ன என்னன்னு கேட்டேன்.”

மகள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் குரல் அவளுக்கு நன்றாக வரும். சின்ன வயதில் அதைச் செய்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பாள். இப்போது வேண்டுமென்று செய்யவில்லை, தானாக அந்தக் குரலே வந்துவிட்டது. “‘வீட்ல இருந்தாவது காய்கறி வாங்கப் போறேன்னு வெளிய வந்துடலாம். கப்பல்ல எங்கடி போவேன்?’ இதுதான் சொன்னாங்க.”

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். ஒருவழியாக அது கிளம்பிப் போயிற்று.

“அப்போ என்னதான் பண்றதா இருந்தா?”

“கடைசி நாள்ல காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கறதா இருந்தாங்க. டிக்கெட் வீணாப் போகக் கூடாதுன்னு என்னை உங்களோட அனுப்பறதா ஏற்பாடு.”

“அதுக்குத்தான் முன்னாடியே லீவு.”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். இறந்தவளுக்குப் பதிலாக வருகிறாள் என்று நினைத்து அவர் கண் கலங்கிய மகள். காய்ச்சல் என்கிற அந்தப் பொய்க்கு அவசியமே வரவில்லை.

“நீலம் உனக்கா?”

“நீலமும் மஞ்சளும். மெரூன் சித்திக்கு. வெள்ளை...” என்று தயங்கினாள். “வெள்ளை, தையல்காரம்மாவுக்கு.”

“கூலியா?”

“அப்பா!”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அடிச்சேனா, திட்டினேனா? என்னிக்காவது கை நீட்டியிருக்கேனா?”

“சொன்னாங்களே. ஒரு வாரமும் அந்த ரூமுக்குள்ளயேவான்னு கேட்டாங்களாம். நீங்க பால்கனி வெச்ச ரூம் போடறேன்னு சொன்னீங்களாம்.” சொல்லும்போது மகளுக்கே சிரிப்பும் அழுகையுமாக வந்துவிட்டது. “அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.”

யாரிடம் சொல்லிச் சிரித்தாள்? மகளிடம், தங்கையிடம், தையல் மிஷினுக்குப் பக்கத்தில். காகிதச் சுருளை வைத்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளே, அதுவும் அந்தச் சிரிப்புதான். அன்றைக்கு அவரும் கூடவே சிரித்தார். அதை நினைத்தபோதுதான் உடம்பு கூசியது. அவளைக் கூப்பிட்டு நிற்கவைத்து நியாயம் கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. படத்தில் இருக்கிறவளிடம் என்ன சண்டை போடுவது?

அவர் எழுந்து நான்கு புடவைகளையும் மடித்தார். மெரூனை மட்டும் மடித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எல்லாவற்றையும் மகளின் மடியில் வைத்தார்.

“அவங்கவங்களுக்குக் குடுத்துடு.”

“ஒண்ணு எடுத்துட்டுப் போறேன்னீங்களேப்பா. மெரூன எடுத்துக்குங்க. சித்திகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

“வராதவளை எதுக்கு இழுத்துட்டுப் போகணும்?”

பெட்டியின் இடது பக்கத்தில் இருந்து செய்தித்தாள் சுருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். வலது பக்கம் சட்டைகள், கோட்டு, காலணி, எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. இடது பக்கத்தில் பெட்டியின் அடித்துணி தெரிந்தது. மகள் தன் பையைத் திறந்து ஒரு சுடிதாரை எடுத்தாள்.

“நீ வேற பெட்டி எடுத்துக்கோ.”

“இவ்வளவு இடம் இருக்கேப்பா. காலியா விட்டா ஆடும்னு நீங்கதானே சொல்வீங்க?”

“ஆடட்டும்.” அவர் மூடியைச் சாத்தி ஜிப்பை இழுத்தார். “அவ காய்கறி வாங்கப் போயிருக்கா.”

மகள் அவர் கையைப் பிடிக்க வந்தாள். அவர் அதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டார். உள்ளே காலணி இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்குப் போய் முட்டியது. கீழே வைத்தார். மறுபடி தூக்கினார். மறுபடியும் முட்டியது.