காலாவஸ்தை கேஸ்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என் கண்ணாடி மேல் சத்தியம், கோர்ட்டு கேண்டீன் வடை மேல் சத்தியம். ஜனங்கள் அழுவதைக் கேட்டு, அதை நம்பர் போட்ட பத்திகளாக மாற்றுவதுதான் வக்கீல் குமாஸ்தாவின் தொழில். நாற்பது வருஷமாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். வராந்தா பெஞ்சில் வாய்தாவுக்குக் காத்திருந்தே இடுப்பு போனவர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், எனக்கும் இடம் வேண்டும்.

நொண்டிக்கொண்டு வந்தவர்கள்

எங்கள் வக்கீலம்மா மலையாளி. பருவம் தப்பிப்போய் விவசாயம் அழிகிறது, சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, பெரிய கோர்ட்டில் மனுப் போடவேண்டும், பாதிக்கப்பட்ட விவசாயிகளைக் கூட்டிவா என்றார். நான் மலையாளச் சீமையின் எல்லையில் தமிழ் பேசுகிற ஊரான கோவிந்தாபுரத்து டீக்கடையில் போய் நின்று, "காலாவஸ்தை கேஸ் போடறோம், அவஸ்தைப்பட்டவங்க வரலாம்" என்று அறிவித்தேன். மலையாளத்தில் காலாவஸ்தை என்றால் தட்பவெப்பம். அந்த பாஷையிலேயே எழுதி எழுதி வாயும் அப்படியே பழகிவிட்டது.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் பதினாலு பேர். அதில் பதினோரு பேர் நொண்டினார்கள். ஒருவர் எக்ஸ்ரே படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து, நடுவில் விட்டுப்போன எலும்பை எனக்குக் காட்டினார். இது அந்தக் கால் இல்லை, வானத்துச் சமாச்சாரம் என்று விளக்கி எல்லோரையும் பஸ் ஏற்றினேன். பழனாத்தா மட்டும் எழுந்திருக்கவில்லை. புருஷன் போன பிறகு ரெண்டு ஏக்கர் மாந்தோப்பை ஒண்டியாகப் பார்த்துக்கொள்கிறவள். நீயும் போம்மா என்றதற்குச் சொன்னாள்:

"கெணறு வத்திப்போயி தெனமும் டேங்கர் நிக்கற முக்கு வரைக்கும் கொடத்தத் தூக்கிட்டு நடக்கறனுங்க. அப்பறம் காலு அவஸ்தப்படாம கையா அவஸ்தப்படும்?"

எதிரி யார்

மனுவின் முதல் பேர் பழனாத்தா ஆனது இப்படித்தான். வக்காலத்தில் கைநாட்டு வைக்கும் முன் எதிராளி யார் என்று கேட்டாள். சர்க்கார் என்றேன். மழையைச் சேர்க்கவில்லையா என்றாள். அதற்கு சம்மனைக் கொண்டுபோய்ச் சார்வு செய்ய விலாசம் இல்லை என்றேன். அந்தப் பதில் அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

அவளுக்கு இந்தக் கேஸ் எதற்கு என்பது அப்புறம்தான் தெரிந்தது. செங்கல் சூளைக்கு மண் எடுக்கிற ஏஜெண்ட் ஒருவன் தோப்பைக் கேட்டு நடையாய் நடக்கிறான். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனோ, தண்ணீர் இல்லாத காட்டைக் கட்டி அழாதே, கொடுத்துவிட்டு வா என்று போனில் பிடுங்குகிறான். இரண்டு பேருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள்:

"கோர்ட்டுல நடக்குதுங்க, தீர்ப்பு வராம நாங் கையெழுத்துப் போடக்கூடாதுங்களாமா."

அப்படி ஒரு சட்டம் கிடையாது. அவளிடம் அப்படிச் சொன்னவன் நான்.

கல் விழுந்த சத்தம்

நேரில் பார்த்து எழுத கோர்ட்டு ஒரு கமிஷனரை அனுப்பியது. தங்கமான மலையாளி மனுஷன். கிணற்றில் ஒரு கல்லைப் போட்டுக் காதைக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. பழனாத்தா டீ போட்டுக் கொடுத்தாள், குடித்தோம். டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும்போதுதான் கீழேயிருந்து 'டொக்' என்றது. நம்பாதவர்கள் போய்க் கல்லைப் போட்டுப் பார்க்கலாம் என்றால், பார்க்க இப்போது அங்கே கிணறு இல்லை.

அவர் நேர்மையானவர், அதுதான் எங்களைக் கெடுத்தது. பேனாவைத் திறந்து வெகுநேரம் யோசித்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"தண்ணி இல்லாத இதைக் கிணறுன்னு எப்படி எழுதும் சேட்டா? குழின்னுதான் எழுதணும்."

லிஸ்டில் இல்லாத பூ

விசாரணை அன்று சர்க்கார் வக்கீல் முதலில் அந்தக் குழியைத்தான் எடுத்தார். இல்லாத கிணறு எப்படி வற்றும் என்றார். அடுத்து ஜன்னலைக் காட்டினார். மனுவில் மழை பொய்த்தது என்று பதினேழு இடத்தில் எழுதியிருக்கிறோம். வெளியே கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. தை மாசத்தில். பெய்ய வேண்டிய மாசத்தை மழை மறந்ததுதான் எங்கள் வழக்கே என்று எங்கள் வக்கீலம்மா தொண்டை கிழிய வாதாடினார். விவசாயத் துறையின் அறிக்கை வரட்டும் என்று வாய்தா விழுந்தது.

பழனாத்தா விசாரணைக்கு முந்தின நாளே நனைந்திருந்தாள். தோப்பில் பூத்த பூவெல்லாம் ஒரே மழையில் உதிர்ந்துவிட்டது. அதை முந்தானையில் முடிந்து எர்ணாகுளம் பெரிய கோர்ட்டு வரை கொண்டுவந்திருந்தாள், ஜட்ஜிடம் காட்ட. கறுத்துப்போய், கசக்கிய புகையிலை மாதிரி இருந்தது. எதிர்த்தரப்புக் குமாஸ்தா எட்டிப் பார்த்தான். அவனும் நம் பக்கத்துத் தமிழன்தான். அவள் புருஷனை இழந்தவள் என்று தெரியாமல், சிரித்துக்கொண்டே சொன்னான்:

"சாட்சிப்பொருள் லிஸ்ட்ல இல்லாத பூவ மார்க் பண்ண முடியாதும்மா, தலையில வெச்சுக்கிட்டுப் போங்க."

நகல்

ஜெயித்தோம். ஜெயித்தோம் என்றுதான் சொல்லவேண்டும். மனுதாரரின் நிலத்தை அதிகாரிகள் நேரில் பார்த்து, நீராதாரத்தைக் காக்கத் தக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்று உத்தரவு. சீல் வைத்த நகலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தோப்பு இருந்த இடத்தில் ஜேசிபி நின்றது. லாரிகள் செம்மண்ணோடு போய்க்கொண்டிருந்தன. மகன் வந்து மூன்று நாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான். நாலாம் நாள் கைநாட்டு வைத்துவிட்டாள். ஒரு மாசம் ஆகிறதாம். பழனாத்தா பக்கத்து வீட்டு ஓலைச் சாளையில் ஒண்டிக்கொண்டிருந்தாள். அங்கேயே உட்கார்ந்து முழுசையும் தமிழில் வாசித்தேன். 'மனுதாரரின் நிலம்' என்று வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் வேகமாக வாசித்தேன். முடிக்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு நகலை வாங்கி, தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்ல தீர்ப்புங்க அய்யா. இத எந்த மண்ணுல கொண்டுபோயி ஊணறதுங்க?"

நாற்பது வருஷத்தில் நான் சொன்ன பொய்களிலேயே, தீர்ப்பு வரும்வரை கையெழுத்துப் போடக்கூடாது என்ற அந்த ஒன்றுதான் சட்டமாக இருந்திருக்கவேண்டியது. இந்தக் கதையை உங்களுக்குச் சொன்னது யார் என்று யார் கேட்டாலும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒரு கிழவன் என்று சொல்லிவிடுங்கள்.